திகனவுக்கு வராத நிலக்கரி

பரிமளத்தின் முகத்தைத் தெரிந்தவர்கள் கண்டி மஹய்யாவவில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளில்தான் இருந்தார்கள். குரலைத் தெரிந்தவர்களோ கட்டுகஸ்தோட்டையில் இருந்து தெல்தெனிய வரைக்கும் பரந்து கிடந்தார்கள். புடவைக் கடையின் மலிவு விற்பனை, மாரியம்மன் தேர், மாநகர சபையின் தண்ணீர் வெட்டு, ஊருக்கு வந்த சர்க்கஸ், யார் வீட்டிலாவது சாவு என்று எதுவாக இருந்தாலும் அவள்தான் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்பாள். புருஷன் அழகர் முச்சக்கர வண்டியை ஓட்டுவான். வண்டியின் கூரைமேல் முன்னும் பின்னும் பார்த்தபடி இரண்டு ஸ்பீக்கர்கள். பின் இருக்கையில் மைக்கும் கையுமாகப் பரிமளம். வளைவுகளில் சரிந்து விழாமல் இருக்க ஒரு காலை முன் கம்பிக்கு முட்டுக் கொடுத்துக்கொள்வாள்.

அவளிடம் மூன்று குரல்கள் இருந்தன. விற்பனைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று. சாவுக் குரலை எடுத்தாளென்றால் செத்தவரை அறியாதவர்கள்கூட வேலியோரம் வந்து நின்று உச்சுக்கொட்டுவார்கள்.

சமாதானம் வந்த வருடம் அது. போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் வெளிநாட்டுப் பணக்காரர்கள் கொழும்பில் வந்து இறங்கினார்கள். கூடவே கடும் வறட்சி. அணைகளில் தண்ணீர் இல்லாமல் நாடு முழுக்க மணிக்கணக்காக மின்வெட்டு. அந்த நாட்களில் ஒரு காலை, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மஹய்யாவப் படிகளில் மூச்சு வாங்க ஏறி வந்து பரிமளத்தின் வாசலில் நின்றார். நெற்றி வியர்வையைக் கழுத்துப்பட்டியாலேயே துடைத்துக்கொண்டார்.

"பிள்ளை, ஸ்பீக்கரில பேசிற பரிமளம் எண்டிறது நீங்கள்தானோ?"

"ஆமாங்க சார். உள்ளுக்கு வாங்க. என்னா, கடை தொறக்கப் போறீங்களா?"

"கடையில்லை. ஃபெக்டரி."

அவர் பெயர் மயில்வாகனம். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் நீண்ட காலம் இருந்தவர். புதிதாக வந்த ஒரு உலோகக் கம்பனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. திகனப் பக்கம் பூமிக்குள் கிடக்கும் வெள்ளைக் கல்லை வெட்டி, உருக்கி, அதிலிருந்து மக்னீசியம் எடுக்கப் போகிறார்களாம். இரும்பைவிடப் பல மடங்கு இலேசான உலோகம். கார், விமானம் செய்கிறவர்கள் அள்ளிக்கொண்டு போவார்களாம்.

"கல்லை உருக்கிறதெண்டால் விளையாட்டில்லை. இரவு பகலா கரண்ட் வேணும். இஞ்ச இருக்கிற கரண்ட் வீடுகளுக்கே காணாது. அதால ஃபெக்டரிக்குப் பக்கத்திலேயே நிலக்கரியில ஓடுற ஒரு மின்நிலையமும் கட்டப்போறம். கரி கப்பல்ல வந்து, கண்டிக்கு ரயில்ல வந்து, அங்கயிருந்து லொறியில வரும். அடுத்த மாசம் திகன சனசமூக மண்டபத்தில கூட்டம் வைக்கிறம். சனம் வரவேணும். அதுதான் உங்களிட்ட வந்தனான்."

வாசலில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்த அழகர் இதைக் கேட்டு மெல்ல வெளியே வந்தான். கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தபடி, "சார், ஆளுங்கள ஏத்தி எறக்க பஸ் கிஸ் ஓடுங்களா?" என்றான்.

"ஓம், கட்டாயம். ஸ்டாஃப் பஸ் மூண்டு நாலு ஓடும்."

அழகருக்குக் கனரக வாகன லைசன்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்து லொறி ஓட்டியவன். தோட்டம் லொறியை விற்ற பிறகுதான் முச்சக்கர வண்டிக்கு வந்தான். பஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பரிமளம் பார்த்தாள். ஆனாலும் அவளுடைய நினைப்பெல்லாம் அறிவிப்பின் வசனத்தில் இருந்தது. மயில்வாகனம் சொல்லச் சொல்ல, உதடசைத்து மனப்பாடம் செய்துகொண்டாள். புடவைக் கடைக்காரர் சாயம் போகாது என்றால் சாயம் போகாது என்று சொல்வதுதான் அவள் தொழில். சாயம் போனால் அது கடைக்காரருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான விவகாரம்.

மறுநாள் மகாவலி ஆற்றின் தென்னக்கும்புரப் பாலம் தாண்டியதும் விற்பனைக் குரலை எடுத்தாள்.

"அன்பார்ந்த பெருமக்களே! நிலக்கரி வந்தால் வேலை வரும்! வேலை வந்தால் விடிவு வரும்! மின்வெட்டுக்கு முற்றுப்புள்ளி! உலோக உருக்காலைக்கு நல்வரவு! அனைவரும் திரண்டு வாரீர்!"

அதையே சிங்களத்தில். குண்டசாலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள். வேலை இல்லாத பையன்கள் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்து எங்கே பெயர் கொடுப்பது என்று கேட்டார்கள். அழகர் அவர்களுக்கெல்லாம் தானே கம்பனிக்காரன் மாதிரி நின்று நிதானமாகப் பதில் சொன்னான்.

திகனவில் ஒரு ஹார்ட்வெயார் கடை வாசலில் இருந்து வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் இறங்கி வந்து வண்டியை மறித்தார். கடை முதலாளி ஹபீல்.

"தங்கச்சி, கொஞ்சம் நிப்பாட்டுங்க. தொண்டெ காஞ்சி போயீக்கும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

தேநீர் வந்தது. கூடவே அவருடைய கவலையும் வந்தது.

"இந்தப் பாதையில நாளைக்கு எத்தின கரி லொறி ஓடும் தெரியுமா? எரிச்ச சாம்பல எங்க கொட்டுவாங்க? ஆத்துக்கரையிலதான். எண்ட பொஞ்சாதி ரபீகாக்கு இழுப்பு ஈக்கி. அடுப்புப் புகைக்கே மூச்சு நிண்டு போகுது. பள்ளியில, புத்த பன்சலையில, கோயில்ல எல்லாத்துலயும் ஆக்கள் சேந்து ஒரு கமிட்டி போட்டீக்கிறோம். எங்களுக்கும் நீங்கதான் அறிவிக்கோணும்."

"நாங்க கம்பனிக்கு ஒத்துக்கிட்டோமே மொதலாளி."

"அவங்களுக்குக் காலையில செல்லுங்க. எங்களுக்குப் பின்னேரம் செல்லுங்க."

பரிமளம் யோசித்தாள். ஒரே நாளில் இரண்டு புடவைக் கடைகளுக்கு அறிவித்தவள்தானே அவள். "எங்க மைக்குக்குக் கட்சி கிடையாதுங்க. சரி, வசனத்தைச் சொல்லுங்க" என்றாள். அழகர் தேநீர்க் கோப்பையை டக்கென்று வைத்துவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று தொடங்கிற்று கூத்து. காலையில் விற்பனைக் குரலில் நிலக்கரி வரும், வேலை வரும். மாலையில் அதே பாதையில், அதே வண்டியில், சாவுக் குரலில் வேறொரு செய்தி: "நிலக்கரி வந்தால் தூசு வரும். தூசு வந்தால் இருமல் வரும். மகாவலி வற்றிப் போகும். மண்ணைக் காக்க அணிதிரள்வோம்…"

தென்னக்கும்புரப் பெட்டிக்கடைக்காரன் வண்டியைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான், இது எந்தப் பக்கத்து அறிவிப்பு என்று தெரிந்துகொள்ள. ஒரு பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏன் அக்கா, காலையில பொண்ணு பார்த்துட்டு பொழுது சாய ஒப்பாரி வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். பரிமளம் சிரித்தாள். தொழிலில் இதெல்லாம் உள்ளதுதான்.

ஒரு வாரம் போல் இப்படியே ஓடியது. பிறகு ஒரு காலை, குண்டசாலைச் சந்தியில் நல்ல கூட்டம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது, பரிமளத்தின் நாக்கு தடம் மாறிவிட்டது.

"அன்பார்ந்த பெருமக்களே! நிலக்கரி வந்தால் வேலை வரும்! வேலை வந்தால் இருமல் வரும்! இருமலை வரவேற்க அனைவரும் திரண்டு வாரீர்!"

பஸ்ஸுக்கு நின்ற தலைகள் எல்லாம் வண்டிப் பக்கம் திரும்பின. பிறகு யாரோ வேண்டுமென்றே ஒரு இருமல் இருமினார். பக்கத்தில் நின்றவர் அதற்குப் பதில் இருமல் போட்டார். தமிழ் விளங்காதவர்களுக்கு விளங்கியவர்கள் சொல்லிக் கொடுக்க, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அழகர் வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குள் விஷயம் திகன வரைக்கும் போய்விட்டது. வண்டி போன பாதையெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலியில் ஏறி நின்று இருமினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மயில்வாகனம் படியேறி வந்தார். அவர் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஹபீலும் வந்து சேர்ந்தார். பரிமளத்தின் வீட்டில் இருந்தவை இரண்டு கதிரைகள். அதில் ஒன்றுக்குக் கால் ஆட்டம். ஆட்டமில்லாத கதிரையில் கம்பனி உட்கார்ந்திருந்ததால், கமிட்டி மற்றதில் ஒரு பக்கம் சாய்ந்தபடி உட்கார வேண்டியதாயிற்று.

"பிள்ளை, கொழும்பில இருந்து எனக்கு ஏச்சு விழுகுது. நீங்கள் ஒரு பக்கத்துக்கு நிக்கவேணும்" என்றார் மயில்வாகனம்.

"அதத்தான் நானும் செல்ல வந்தேன்" என்றார் ஹபீல். "எங்கட அறிவிப்புக்கும் ஆக்கள் சிரிக்கிறாங்க. மண்ணெக் காக்கச் சென்னா இருமுறாங்க."

"நீங்கள்தானோ அந்தத் தூசுக் கமிட்டி?"

"நீங்கதானா அந்தத் தூசு?"

பரிமளம் இரண்டு பேருக்கும் தேநீரைக் கையில் கொடுத்து வாயை அடைத்தாள். பிறகு வாசற்படியில் சாய்ந்து நின்றாள். இத்தனை நாளாக இரண்டு பக்கத்தையும் அவள்தான் சொல்லிக்கொண்டு இருந்தாள். ஆனால் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பேசி அவள் கேட்டது இப்போதுதான்.

"சார், மொதலாளி, ரெண்டு பேரும் எங்கிட்ட சண்ட போட்டு என்னா செய்யிறது? ஒரே மேடையில ஏறிப் பேசுங்க. கூட்டத்த நான் நடத்துறேன். காலையிலயும் ஒரே அறிவிப்பு, சாயங்காலமும் ஒரே அறிவிப்பு. என் நாக்கும் பொழைச்சுப் போகும்."

"எங்கட கூட்டத்தில இவரோ?" என்றார் மயில்வாகனம்.

"ஏன், நான் ஏறினா மேடெ இடிஞ்சி விழுமா?" என்று ஹபீல் எழுந்தார். அவர் எழுந்த வேகத்தில் கதிரைதான் விழுந்தது. மயில்வாகனம் அதைத் தூக்கி நிறுத்திக் கால் எங்கே கழன்றிருக்கிறது என்று பார்த்தார். ஹபீலும் குனிந்து பார்த்து, ஒரு திருகாணி போட்டால் சரியாகிவிடும், கடையில் இருந்து கொடுத்தனுப்புகிறேன் என்றார். அந்தக் கதிரையைச் சுற்றிக் குனிந்து நின்றபடியேதான் இரண்டு பேரும் கூட்டத்துக்குச் சம்மதித்தார்கள்.

கூட்டத்தன்று பிற்பகல் மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஜன்னல்களிலும் தலைகள். பரிமளம் மயில் நீலப் புடவை கட்டி, மேடையின் ஓரத்தில் மைக்கோடு நின்றாள். இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்தபோது மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வண்டிக்குள் உட்கார்ந்து பேசும்போது ஊர் பின்னால் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே ஊர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கதவோரத்தில் அழகர் நின்றான். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கல்யாணத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான்.

மயில்வாகனம் நன்றாகப் பேசினார். உருக்காலை எத்தனை பேருக்குச் சோறு போடும் என்று சொன்னார். ஹபீலும் நன்றாகவே பேசினார். லொறியும் சாம்பலும் இழுப்பும் அவர் பேச்சில் வந்தபோது பெண்கள் பக்கம் தலைகள் ஆடின. பரிமளம் தமிழைச் சிங்களத்திலும், சிங்களத்தைத் தமிழிலும் மாற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று அறிவித்தாள்.

முன் வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு சிங்களப் பெண் எழுந்தாள். அவள் மயில்வாகனத்தைப் பார்க்கவில்லை, ஹபீலையும் பார்க்கவில்லை. பரிமளத்தைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்.

"அக்கே, கரண்ட் இனி நிற்காது என்று நீங்கள் தினமும் எங்கள் வீட்டு வாசலில் சொல்லிக்கொண்டு போனீர்களே, அது எப்போதிலிருந்து? இருட்டில் இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பெரிய பாடாக இருக்கிறது."

மின்வெட்டுக்கு முற்றுப்புள்ளி என்று பரிமளம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். அதை யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்று ஒரு தடவைகூட அவளுக்குக் கேட்கத் தோன்றியதில்லை. இந்தப் பெண்ணோ கம்பனியை நம்பி வரவில்லை. வாசலில் கேட்ட குரலை நம்பிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

மைக்கைப் பிடித்தபடியே மயில்வாகனத்தின் பக்கம் திரும்பினாள்.

"சார், நெலக்கரி கரண்டு இவங்க வீட்டுக்கு வருங்களா?"

மயில்வாகனம் கண்ணாடியைக் கழற்றினார். கழுத்துப்பட்டியால் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"இல்லை, பிள்ளை" என்றார். "வராது. அவ்வளவும் உருக்காலைக்குத்தான். அதுக்கே காணுமோ தெரியாது."

"அப்ப மின்வெட்டுக்கு முற்றுப்புள்ளின்னு சொல்லச் சொன்னீங்களே?"

"அது கொழும்பில ஆரோ சேர்த்த வசனம். பிழையெண்டு எனக்கு அப்பவே தெரியும். வேண்டாமெண்டு சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

பரிமளம் அதைச் சிங்களத்தில் சொன்னாள். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மண்டபம் இரைந்தது. ஹபீல் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தார். பேச வாயெடுப்பதற்குள் பரிமளம் அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

"மொதலாளி, ஒங்ககிட்டயும் ஒன்னு கேக்கணும். மகாவலி வத்திப் போகும்னு சொல்லச் சொன்னீங்களே, அது யாரு கண்டுபிடிச்சது?"

தூக்கிய கைகள் மெதுவாக இறங்கின.

"அது… யாரும் செல்லல்ல தங்கச்சி. வசனம் கொஞ்சம் சப்பெண்டு ஈந்திச்சி. நான்தான் கூட்டிப் போட்டேன்."

"தூசு?"

"தூசு உண்மெ! அல்லாஹ் அறிய உண்மெ!"

"தூசு உண்மைதான்" என்றார் மயில்வாகனமும், தலையைக் குனிந்தபடி.

முதலில் சிரித்தவள் அந்தக் கைக்குழந்தைக்காரிதான். அவளுக்குப் பின்னால் மண்டபமே சிரித்தது. அதற்கு மேல் மேடையில் யாருக்கும் வேலை இருக்கவில்லை. சனங்கள் நான்கைந்து பேராகக் கூடிக் கூடித் தாங்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள். தூசு வந்தாலும் வேலை வேண்டும் என்று ஒரு கூட்டம், வேலை வந்தாலும் தூசு வேண்டாம் என்று ஒரு கூட்டம். முடிவு ஒன்றும் எட்டப்படவில்லை. ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவும் அவசரப்படவில்லை.

திரும்பும் வழியில் அழகர் பாதையை மட்டுமே பார்த்து ஓட்டினான். பாலம் தாண்டியது. ஆற்றங்கரை மரங்கள் தாண்டின. பரிமளம் முன்பக்கம் குனிந்து கேட்டாள்.

"ஏங்க, கோவமா?"

"கோவம் என்னாத்துக்கு? கேக்க வேண்டியதத்தான் கேட்ட."

"பின்ன ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கீங்க?"

அழகர் வண்டியை ஒரு வளைவில் திருப்பிக்கொண்டே சொன்னான். "கரண்டப் பத்திக் கேட்ட. ஆத்தப் பத்திக் கேட்ட. பஸ்ஸப் பத்தியும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

வெள்ளைச் சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருப்பதைப் பரிமளம் அப்போதுதான் பார்த்தாள். எந்தச் சந்தியில் எத்தனை பேர் ஏறுவார்கள், எந்த வளைவில் கியர் மாற்ற வேண்டும் என்று இந்த மனிதர் மனசுக்குள் எத்தனை நாளாக அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாரோ? மைக் மடியில் கிடந்தது. புருஷனின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் வந்தாள். ஹார்ட்வெயார் கடையில் இருந்து வந்த திருகாணியை அன்று மாலையே அழகர் கதிரையில் பூட்டினான்.

அதன்பிறகு கம்பனி வரவும் இல்லை, போகவும் இல்லை. குண்டசாலையில் அவர்கள் திறந்து வைத்த அலுவலகத்தில் மயில்வாகனம் தனியாக உட்கார்ந்திருந்தார். மழை வந்தது. அணைகள் நிரம்ப, மின்வெட்டு தானாகக் குறைந்தது. மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு பகலில் மயில்வாகனம் குடையோடு மஹய்யாவப் படியேறி வந்தார். இந்தத் தடவை கழுத்துப்பட்டி இல்லை.

"எல்லாம் முடிஞ்சுது, பிள்ளை. மின்நிலையத் திட்டத்தை நிப்பாட்டிப் போட்டினம். கரண்ட் இல்லாமல் உருக்காலை இல்லைத்தானே? அதுவும் போச்சு."

"எங்க கூட்டத்தாலயா சார்?" என்றாள் பரிமளம்.

"சீச்சீ. வெளிநாட்டில மக்னீசியம் விலை விழுந்துபோச்சு. இஞ்ச உருக்கிறதைவிட அங்க வாங்கிறது மலிவு. காசு போட்ட ஆக்கள் கையை விரிச்சிட்டினம். நாங்கள் ஒரு கூட்டம் வைச்சதே அவைக்குத் தெரியாது." சிரிக்கப் பார்த்தார். "என்ர வேலையும் போச்சு."

அழகர் எழுந்து போய்த் தன் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டான். தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். தேநீர் குடித்து முடித்த பிறகுதான் மயில்வாகனம் வந்த காரியத்தைச் சொன்னார். வேலைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். கம்பனி ஒன்றும் அறிவிக்கப் போவதில்லை. பரிமளம் சொன்னால் சனம் நம்பும்.

அடுத்த நாள் மயில்வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு திகனவுக்குப் போனால், ஹபீலுக்கும் செய்தி எட்டியிருந்தது. கடை வாசலில் பட்டாசுச் சரத்தோடு நின்றார்.

"தங்கச்சி! மக்கள் சக்திக்கு மாபெரும் வெற்றியெண்டு செல்லுங்க!"

"நாம ஜெயிக்கலீங்களே மொதலாளி. வெல விழுந்து போச்சாம்."

"அப்பிடியா செய்தி?" ஹபீல் பட்டாசைப் பார்த்தார், மயில்வாகனத்தைப் பார்த்தார். வேலை போன மனிதர் முன்னால் வெடிக்க அவருக்கு மனசு வரவில்லை. "சரி, இது பெருநாளைக்கு ஈக்கட்டும். நீங்க உள்ளதெச் செல்லுங்க. பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் எண்ட ஊட்டுக்கு வாங்க."

பரிமளம் மைக்கை எடுத்தாள். எந்தக் குரலில் தொடங்குவது என்று தெரியவில்லை. விற்பனைக் குரல் பொருந்தாது. சாவுக் குரலும் பொருந்தாது. கடைசியில் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவதுபோலப் பேசினாள்.

"ஊர்ச் சனங்களே, நான் பரிமளம் பேசுறேன். திகனவுக்கு வர இருந்த கரி மின்நிலையம் வராது. உருக்காலையும் வராது. உலோகத்தின் விலை இறங்கிப்போனதால் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் இனிக் காத்திருக்க வேண்டாம். வேறு நல்ல இடம் பாருங்கள்."

கை தட்டியவர்கள் இருந்தார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள். குண்டசாலைச் சந்தியில் சீதா என்ற பெண் வண்டியை நிறுத்தினாள். கம்பனி வேலையை நம்பி, கிடைத்த தையல் தொழிற்சாலை வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தவள். "நெசமாவா அக்கா? அறவே இல்லையா?" என்று கேட்டாள். பரிமளம் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு இறங்கினாள். அந்தப் பெண்ணோடு பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து வெகு நேரம் பேசினாள். மயில்வாகனமும் பக்கத்தில் வந்து நின்று, ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்தால் கண்டி ஹோட்டல்களில் இடம் கிடைக்கும், தானே சொல்லித் தருகிறேன் என்றார். அலுவலகத்துக்கு ஆறு மாத வாடகை ஏற்கனவே கட்டியாயிற்று. கதவைப் பூட்டி வைத்து என்ன பயன் என்று அவருக்கு அந்த நிமிடத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்.

ஹபீல் வீட்டில் ரபீகா ஊருக்கே ஆக்கியிருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை, மயில்வாகனம் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார் என்று தெரிந்து, அவருக்குத் தனிச் சட்டியில் கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும். அழகர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"இவரு என்ன பேசவே மாட்டாரா?" என்று ரபீகா கேட்டாள்.

பரிமளம் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. "அவருக்கு பஸ் ஓட்டணும்னு ஆசைங்க. கம்பனி பஸ் வரும்னு இருந்தாரு. பெரிய லைசன்ஸ் இருக்கு. தோட்டத்து லொறிய அந்த வளைவுகள்ல எல்லாம் ஓட்டுனவரு."

அழகர் காதுவரை சிவந்து போனான். ஹபீல் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்தார்.

"இதெ இவ்வளவு நாளா செல்லாம ஈந்தீங்களே! எண்ட மச்சான் பாயிஸுக்கு கண்டி-திகன ரூட்டுல பஸ் ஒண்டு ஓடுது. டிரைவர் மத்திய கிழக்குக்குப் போயிட்டான். பாயிஸ்தான் இப்ப ஓட்டுறான். அவன் ஓட்டுறதப் பாத்தா ரபீகாக்கு இழுப்பு வருது."

அடுத்த வாரம் அழகர் பஸ்ஸில் ஏறினான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஏறினான். முதல் நாள் பரிமளம் முன் இருக்கையில் உட்கார்ந்து திகன வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வளைவுகளில் எங்கேயும் காலை முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவளுடைய தொழிலுக்கு வண்டி ஓட்ட ஆள் இல்லாமல் போயிற்று. இரண்டு பேரை வைத்துப் பார்த்தாள். ஒருவன் அறிவிப்பு நடக்கும்போதே பாட்டுப் பாடுவான். மற்றவன் அவள் சாவு அறிவிக்கும்போது தானும் அழுவான். கடைசியில் ஒரு ஞாயிறு, மஹய்யாவ மைதானத்தில் அழகர் பக்கத்தில் உட்கார, பரிமளம் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அக்கம்பக்கத்துச் சனம் முழுக்க வேடிக்கை பார்க்க, வேலியில் இரண்டு தடவை முட்டி, மூன்று ஞாயிறுகளில் ஓட்டப் பழகிவிட்டாள். கண்டியில் அப்போது பெண்கள் முச்சக்கர வண்டி ஓட்டியதை யாரும் கண்டதில்லை. மைக்கைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அழகர் ஒரு கம்பி வளைத்துக் கொடுத்தான்.

மயில்வாகனத்தின் ஆங்கில வகுப்புதான் அவள் ஓட்டிக்கொண்டே அறிவித்த முதல் அறிவிப்பு. "எல்லாரும் மூணு மாசத்துல பேசிருவாங்கன்னு சொல்லலாமா சார்?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, "படிக்கிறவை பேசுவினம் எண்டு சொல்லுங்கோ" என்றார். அப்படியே சொன்னாள். வகுப்புக்குப் பிள்ளைகள் வந்தார்கள். சீதா முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்தாள்.

பின்னால் ஒரு மாலை. பாலத்தைத் தாண்டிக் கண்டிக்கு ஏறும் மேட்டில், பரிமளத்தின் வண்டி முக்கி முனகிக்கொண்டு ஊர்ந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டது. பாதை ஒடுக்கம், முந்த இடமில்லை. பஸ்காரர் ஹோர்னை அடித்தார், மறுபடி அடித்தார். பரிமளம் கண்ணாடியில் பார்த்தாள். உயரமான இருக்கையில் வெள்ளைச் சட்டை.

மைக்கைத் தட்டி உயிர்ப்பித்தாள்.

"பின்னால் வரும் பஸ் சாரதியின் அன்பான கவனத்துக்கு! ஹோர்ன் அடிப்பதால் முன்னால் போகும் வண்டிக்கு வேகம் வராது. வீட்டில் தேங்காய் முடிந்துவிட்டது. வரும்போது மறக்காமல் இரண்டு வாங்கி வரவும்."

பஸ்ஸுக்குள் சிரிப்பு வெடித்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சாரதி ஆசனத்தின் ஓரமாக ஒரு கை வெளியே நீண்டு, சரி சரி என்று ஆடியது.